பாரம் யாருடையது? – இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்வு தரும் படிப்பினை



மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில் அமைந்திருக்கிறது சேத்தூர். வடக்கே இராஜபாளையத்தில் பஞ்சாலைகள். தெற்கே கடையநல்லூரில் தலைமுறை தலைமுறையாகத் தறி நெய்து வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள். அவற்றிலிருந்து கடல் கடந்து சிங்கப்பூரில் குடியேறியோரும் பலர். நூலையும் நெசவையும் நம்பிப் பிள்ளைகளை வளர்த்த இந்த மண்ணில், ஜும்ஆத் தொழுகை முடிந்து வீடு திரும்பும் ஒரு குடும்பத் தலைவரைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

அவருக்கெனத் தனிக் கவலை ஏதுமில்லை. உண்ண உணவும் உடுக்க உடையும் இறைவன் கொடுத்திருக்கிறான். ஆயினும் இரவில் அவருக்கு உறக்கம் வருவதில்லை. தம்பியின் கடன் அவரை வாட்டுகிறது. மணமுடித்துக் கொடுத்த மகளின் கண்ணீர் அவர் நெஞ்சை அறுக்கிறது. வெளிநாடு சென்ற மகனிடமிருந்து மாதக்கணக்கில் செய்தி இல்லை. அவர் புத்தி சொல்லிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார், பெரியவர்களை அனுப்பிப் பார்த்தார், கைப்பொருளைக் கொடுத்தும் பார்த்தார். எதுவும் பலிக்கவில்லை. தம்முடைய துன்பத்தை அல்லாஹ்விடம் விட்டுவிட அவருக்குத் தெரியும். பிறருடைய துன்பத்தை அவனிடம் விடுவது எப்படி என்பதே அவருக்குத் தெரியவில்லை. விட்டுவிட்டால் அது அலட்சியம் ஆகிவிடுமோ என்று அஞ்சுகிறார்.

இந்த மனிதர் உங்கள் தெருவில் இருக்கலாம், உங்கள் வீட்டில் இருக்கலாம், நீங்களாகவே இருக்கலாம். அவருடைய அச்சத்திற்கு விடை காண, ஏறத்தாழ ஒன்பதரை நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த வேறொரு நூல் நூற்பவரின் இல்லத்திற்கு உங்களை அழைத்துச் செல்ல விழைகிறேன்.

பாரசீகத்தின் குராஸான் மாநிலத்தில் தூஸ் என்றொரு நகரம் இருந்தது. இன்றைய ஈரான் நாட்டின் மஷ்ஹது நகருக்கு அருகில் அதன் சிதைவுகளைக் காணலாம். அந்நகரில் ஏழை ஒருவர் கம்பளி நூல் நூற்று, அதனைத் தம் கடையில் விற்று, அந்த வருவாயில் மட்டுமே உண்டு வாழ்ந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அறிஞர்களின் சபை எங்கு நடந்தாலும் அங்குச் சென்று அமர்ந்துவிடுவார். மார்க்கச் சட்ட அறிஞர்களின் உரையைக் கேட்கும்போது கண்ணீர் விட்டு, இத்தகைய சட்ட மேதை ஒருவரைத் தமக்கு மகனாகத் தருமாறு இறைவனிடம் இறைஞ்சுவார். உபதேச மொழிகளைக் கேட்கும்போது, உள்ளங்களை உருக்கும் உபதேசியார் ஒருவரையும் மகனாகக் கேட்பார். இறைவன் அவருக்கு இரு மக்களை அருளினான். மூத்தவர் முஹம்மது, ஹிஜ்ரி 450-ல் (கி.பி. 1058) பிறந்தவர். இளையவர் அஹ்மது.

மக்கள் சிறுவர்களாக இருக்கும்போதே தந்தையை மரணம் நெருங்கியது. எண்ணிப் பாருங்கள், அந்தத் தந்தையின் நிலையை! பிள்ளைகளுக்காக அவர் கண்ட கனவு பெரிது. விட்டுச் செல்லும் செல்வமோ சிறிது. அவர்களைப் படிக்க வைக்கவும் அவரால் இயலாது. படித்து முடிப்பதைக் காணவும் இயலாது. தம்மால் இயன்றது ஒன்றே ஒன்றுதான் என்பதை அவர் உணர்ந்தார். தம் நண்பரான ஸூபி ஒருவரை அழைத்து, எழுத்தறியாமல் வாழ்நாளைக் கழித்ததுதான் தமது பெருங்குறை என்றும், அக்குறை தம் மக்களுக்கு வரலாகாது என்றும், விட்டுச் செல்லும் பொருள் முழுவதும் தீர்ந்து போனாலும் அவர்களுக்குக் கல்வி கிடைக்க வேண்டும் என்றும் கூறி ஒப்படைத்துவிட்டுக் கண்மூடினார்.

நண்பர் அமானிதத்தைப் பேணினார். பொருள் இருக்கும் வரை பிள்ளைகளுக்குக் கற்பித்தார். ஆனால் அந்தச் சிறு தொகை விரைவிலேயே தீர்ந்துவிட்டது. அவரும் ஏழை. இந்த இடத்தில்தான் அப்பெரியாரின் உண்மைத்தன்மையை நாம் காண்கிறோம். இயலாததை இயலும் என்று காட்டிக்கொள்ள அவர் முனையவில்லை. கடன் வாங்கிப் பெருமை தேடவும் இல்லை. தந்தை விட்டுச் சென்ற பொருள் அனைத்தும் செலவாகிவிட்டதையும், தம்மிடம் கொடுக்க ஏதுமில்லை என்பதையும் சிறுவர்களிடம் மறைக்காமல் எடுத்துரைத்தார். மாணவர்களுக்கு உணவளிக்கும் மத்ரஸா ஒன்றில் சேர்ந்துகொள்வதே அவர்களுக்கு நல்ல வழி என்று கூறி, அதற்கான பாதையையும் காட்டினார்.

வெளித்தோற்றத்தில் இது கைவிடுதல் போல் தோன்றும். ஆனால் அந்தக் கதவு மூடியதால்தான் பெருங்கதவு ஒன்று திறந்தது. உணவை நாடி மத்ரஸாவில் நுழைந்த மூத்த சிறுவர்தாம் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் – இஸ்லாத்தின் சான்று – என்று உலகம் போற்றும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். இளையவரும் புகழ் பெற்ற உபதேசியாராகவும் ஞானியாகவும் விளங்கினார்கள். தந்தை கேட்ட இரண்டும் கிடைத்தன. கேட்டவர்தாம் அதைக் காண உயிரோடு இல்லை. பிற்காலத்தில் இமாமவர்கள் இதனை நினைவு கூரும்போது, தாங்கள் கல்வியைத் தேடியது அல்லாஹ்வுக்காக அன்று என்றும், கல்விதான் தன்னை அல்லாஹ்வுக்கன்றி வேறெதற்கும் உரியதாக்கிக்கொள்ள மறுத்துவிட்டது என்றும் கூறுவார்களாம்.

தூஸிலும் ஜுர்ஜானிலும் பயின்றபின் இமாமவர்கள் நைஸாப்பூர் சென்று, இமாமுல் ஹரமைன் எனப் போற்றப்படும் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் மாணவரானார்கள். ஆசிரியர் 1085-ல் மறைந்த பிறகு, ஸல்ஜூக்கியப் பேரரசின் வஜீர் நிஸாமுல் முல்க்கின் அறிஞர் அவையை அடைந்தார்கள். ஹிஜ்ரி 484-ல் (1091) பாக்தாதின் நிஸாமிய்யா மத்ரஸாவுக்குத் தலைமைப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார்கள். அப்போது அவர்களுக்கு வயது முப்பத்து மூன்றுதான். முன்னூறு மாணவர்கள் அவர்களுடைய பாடத்தைக் கேட்டனர். கலீபாவின் அவை அவர்களை மதித்தது. அமைச்சர்கள் அவர்களிடம் ஆலோசனை கேட்டனர். மார்க்கச் சிக்கல்களும் வாதப் பிரதிவாதங்களும் அவர்கள் வாசலுக்கே வந்தன. ஊரார் பிரச்சினைக்கெல்லாம் விடை சொல்லும் இடத்தில் அந்த நூல் நூற்பவரின் மகன் அமர்ந்திருந்தார்கள்.

ஆனால் விடை சொல்பவரின் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. 1092-ல் நிஸாமுல் முல்க் கொலையுண்டார். சில வாரங்களில் ஸுல்தான் மலிக்ஷாவும் மறைந்தார். நாட்டையே தாங்குவதாக நினைக்கப்பட்ட தூண்கள் சரிந்ததை உலகம் கண்டது. இமாமவர்களோ தம் உள்ளத்தையே சோதித்தார்கள். தாம் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, புகழுக்காகவா என்று தம்மையே கேட்டார்கள். கிடைத்த விடை அவர்களை நடுங்க வைத்தது. ஹிஜ்ரி 488 ரஜப் மாதம் (1095) தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதங்கள், போவதா இருப்பதா என்று தவித்தார்கள். ஒரு நாள் நாவு கட்டுண்டது. மாணவர்களைத் திருப்திப்படுத்த ஒரு நாளாவது பாடம் நடத்த முயன்றார்கள். ஒரு சொல்லும் வரவில்லை. உணவு இறங்கவில்லை, உடல் நலிந்தது. நோய் உள்ளத்தில் பிறந்து உடலில் பரவியிருக்கிறது, மருந்தால் பயனில்லை என்று மருத்துவர்கள் கைவிட்டனர்.

நேயர்களே, இந்நிகழ்ச்சியைச் சற்றே சிந்தியுங்கள். முன்னூறு பேருக்கு வழிகாட்டியவர்கள் ஒரு மிடறு நீரையும் விழுங்க இயலாமல் தவித்தார்கள். பிறருடைய முடிச்சுகளை அவிழ்த்தது தம் விரலின் ஆற்றல் அன்று என்பதை இறைவன் அவர்களுக்கு இவ்வாறு உணர்த்தினான். தாம் முற்றிலும் கையற்றவர் என்பதை அறிந்து, வேறு வழியில்லாத ஒருவன் தஞ்சம் புகுவது போல அவர்கள் அல்லாஹ்விடம் தஞ்சம் புகுந்தார்கள். அதன் பின்னரே பதவியையும் பொருளையும் துறப்பது அவர்களுக்கு எளிதாயிற்று. தம் வாழ்வைப் பற்றி அவர்களே எழுதிய அல்முன்கிது மினள் ளலால் என்னும் நூலில் இவை அனைத்தையும் ஒளிவு மறைவின்றி வரைந்திருக்கிறார்கள்.

அவ்வாண்டு துல்கஃதா மாதத்தில் இமாமவர்கள் பாக்தாதை விட்டு வெளியேறினார்கள். இங்கே ஓர் ஐயம் எழலாம். குடும்பம் என்னவாயிற்று? மாணவர்கள் என்னவானார்கள்? தவக்குல் என்ற பெயரால் அனைவரையும் நடுத்தெருவில் விட்டுச் சென்றார்களா?

இல்லை. தம் செல்வத்தைப் பிறருக்குப் பகிர்ந்தளித்தபோது, மக்களின் உணவுக்குப் போதுமான அளவை எடுத்து வைத்த பின்னரே மீதியைக் கொடுத்தார்கள். அறிஞர் ஒருவர் தம் பிள்ளைகளுக்காக வைத்துக்கொள்ள இராக்கின் வக்பு வருவாயைவிடப் பொருத்தமானது வேறில்லை என்று ஆய்ந்தறிந்து, அதையே ஏற்பாடு செய்தார்கள். நிஸாமிய்யாவில் தம் இடத்தில் பாடம் நடத்தத் தம்பி அஹ்மதை அமர்த்தினார்கள். கையால் செய்ய வேண்டியதைக் கையால் செய்துவிட்டு, அதற்கு அப்பாற்பட்டதை அல்லாஹ்விடம் விட்டுச் சென்றார்கள்.

திமிஷ்க் (டமாஸ்கஸ்) நகரில் ஏறத்தாழ ஈராண்டுகள் தங்கினார்கள். அங்குள்ள பெரிய பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டு நாள் முழுவதும் தனித்திருப்பார்கள். பிறகு பைத்துல் முகத்தஸ் சென்றார்கள். அங்கிருந்து கலீல் நகரம் சென்று நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தைத் தரிசித்து, ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்கள்.

நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் வரலாற்றை அறியாத முஸ்லிம் இல்லம் உண்டோ! பயிர் விளையாத பள்ளத்தாக்கில் மனைவி ஹாஜரா அம்மையாரையும் பச்சிளங்குழந்தை இஸ்மாயீலையும் இறைவனின் ஆணைப்படி விட்டு வந்தவர்கள் அவர்கள். ஆனால் விட்டு வந்து மறந்துவிடவில்லை. அவர்களுக்காகக் கையேந்தினார்கள். மக்களின் உள்ளங்கள் அவர்கள்பால் சாயவும், கனி வகைகள் அவர்களுக்குக் கிடைக்கவும் வேண்டினார்கள். பின்னர் மகனைத் தேடியும் சென்றார்கள். அங்கே அன்னை ஹாஜராவும் சும்மா அமர்ந்திருக்கவில்லை. ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஓடினார்கள். ஓடியது அன்னையின் கடமை. ஆனால் நீர் சுரந்தது ஓடிய இடத்தில் அன்று, குழந்தையின் காலடியில்! முயற்சி ஒரு திசையில் இருக்க, உதவி வேறு திசையிலிருந்து வந்தது. ஸஃயு செய்யும் ஒவ்வொரு ஹாஜியும் இப்பாடத்தைக் காலால் படித்து வருகிறார்.

ஹஜ்ஜை நிறைவேற்றிய பின் இமாமவர்களைத் தாயகம் இழுத்தது. பிள்ளைகளின் அழைப்பு அவர்களை அடைந்தது. மக்களை விட்டு ஓடுவதிலேயே உறுதியாக இருந்த தம்மை அந்த அழைப்புத் திரும்ப வைத்தது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். வந்த பிறகும் குடும்பத் தேவைகளும் காலத்தின் நிகழ்ச்சிகளும் தம் தனிமையைக் கலைத்துக்கொண்டே இருந்ததை அவர்கள் மறைக்கவில்லை. தவக்குலின் உச்சியைக் கண்டவர்களுக்கும் பிள்ளைப் பாசம் நெஞ்சில் இருந்தது. ஆகவே, மகளுக்காகக் கலங்குவதால் ஈமான் குறைந்துவிட்டதென நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

இவ்வாண்டுகளில் உருவான நூல்தான் இஹ்யா உலூமித்தீன். நாற்பது பாகங்கள் கொண்ட அப்பெருநூலில் முப்பத்தைந்தாவது பாகம் தவ்ஹீதையும் தவக்குலையும் பற்றியது. இறைவன்மீது பொறுப்புச் சாட்டுவதில் மூன்று படிகளை இமாமவர்கள் அதில் விளக்குகிறார்கள். முதற்படி, வழக்கை நம்பிக்கையான வக்கீலிடம் ஒப்படைத்தவனின் நிலை. இரண்டாம் படி, தாயைத் தவிர வேறெவரையும் அறியாத குழந்தையின் நிலை. மூன்றாம் படி, குளிப்பாட்டுபவரின் கையில் கிடக்கும் மய்யித்தின் நிலை. பின்னிரண்டும் பெரியார்களுக்குரியவை. முதற்படியையாவது நாம் எட்ட வேண்டாமா?

ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் வழக்குள்ள ஒருவரை எண்ணிப் பாருங்கள். வக்கீல் கேட்கும் பத்திரத்தைத் தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். வரச்சொன்ன நாளில் தவறாமல் போய் நிற்கிறார். இவை வக்கீல்மீது கொண்ட நம்பிக்கைக்கு மாறானவை அல்ல. அவர் சொல்லியே செய்யப்படுபவை. இமாமவர்களும் இதையே எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் வக்கீல் வாதாடும்போது குறுக்கே எழுந்து நின்று தாமே வாதாடத் தொடங்கினால், அவர் வக்கீலை நம்பவில்லை என்பதுதானே பொருள்? நாம் செய்வது பெரும்பாலும் இதுதான். துஆவில் அல்லாஹ்விடம் ஒப்படைத்துவிட்டு, தொழுகை விரிப்பைச் சுருட்டும்போதே வழக்கையும் திரும்பச் சுருட்டி எடுத்து வந்துவிடுகிறோம்.

அதே பாகத்தில் இமாமவர்கள் ஓர் எல்லைக்கோட்டையும் போடுகிறார்கள். தனியொருவர் தம் பசியைப் பொறுத்துக்கொண்டு இறைவனை நம்பி இருக்கலாம். ஆனால் குடும்பமுள்ளவர் தம் தவக்குலுக்காக மனைவி மக்களைப் பட்டினி போடலாகாது. அவர்களைப் பசியோடு பொறுத்திருக்கும்படி வற்புறுத்த அவருக்கு உரிமையில்லை. ஹஸ்ரத் அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்கள் கலீபாவான பின்னரும் குடும்பத்திற்காகத் துணி மூட்டையைச் சுமந்து கடைவீதிக்குச் சென்றதை இமாமவர்கள் இதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். பொதுநிதியிலிருந்து படி ஒதுக்கப்பட்ட பின்னரே கலீபா அவர்கள் வணிகத்தை விட்டார்கள். குடும்பத்திற்கு ஓராண்டு உணவைச் சேமிப்பதும், நோயாளிக்கு மருந்து கொடுப்பதும் தவக்குலுக்கு மாறானவை அல்ல என்றும் இமாமவர்கள் தெளிவுபடுத்துகிறார்கள்.

எனவே, பிறர் துன்பத்தை அல்லாஹ்விடம் விடுவதென்றால் அவர்களுக்கு உதவாதிருப்பது என்று எவரும் பொருள் கொள்ளலாகாது. பசித்தவன் வாசலில் நிற்கும்போது, அவனை அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று கதவைச் சாத்துவது தவக்குல் அன்று, அது கருமித்தனம். அடிபடும் மகளைப் பொறுத்துக்கொள் என்று திருப்பி அனுப்புவதும் தவக்குல் அன்று. அது கடமையிலிருந்து ஓடுதல். கையில் உள்ளதைச் செய்யாமல் விட்டவருக்கு ஒப்படைக்க என்ன இருக்கிறது?

அப்படியானால் ஒப்படைக்க வேண்டியது எதை? பிறருடைய உள்ளத்தை, அவர்களுடைய நாளையை, நம் உதவி தரப்போகும் பலனை. மாணவர் ஒருவர் உபதேசம் வேண்டி எழுதியபோது இமாமவர்கள் அளித்த விடை, அய்யுஹல் வலத் என்னும் சிறுநூலாக நிலைத்திருக்கிறது. உபதேசம் செய்வது எளிது, ஏற்பதுதான் கடினம் என்பதை அதில் உணர்த்தி, செயலாக மாறாத கல்வி கைகொடுக்காது என்று எச்சரிக்கிறார்கள். வழியை அன்போடு காட்டினார்கள். ஆயினும் மாணவருக்காக அவ்வழியை நடந்து தீர்க்க அவர்களால் இயலாது. நடக்க வேண்டியவர் மாணவரே.

ஹிஜ்ரி 499-ல் (1106) நிஸாமுல் முல்க்கின் மகனும் வஜீருமான பக்ருல் முல்க் வற்புறுத்தியதால், இமாமவர்கள் நைஸாப்பூர் நிஸாமிய்யாவில் மீண்டும் பாடம் நடத்தச் சென்றார்கள். ஏறத்தாழ பத்தாண்டுத் தனிமைக்குப் பின் மக்களின் சிக்கல்களுக்கு நடுவே மீண்டும் வந்தார்கள். ஆனால் வந்தவர் பழைய பாக்தாதுப் பேராசிரியர் அல்லர். தாம் அசையவில்லை, அல்லாஹ்வே தம்மை அசைத்தான் என்று கருதினார்கள். முதலில் தம்மைச் சீர்திருத்தி, பிறகு தம்மைக்கொண்டு பிறரைச் சீர்திருத்துமாறு அவனையே வேண்டினார்கள். தம் நோக்கம் நிறைவேறுமா என்பது தமக்குத் தெரியாது என்றும் எழுதிவைத்தார்கள். பாரம் இறங்கியபின் பணி நின்றுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சில காலத்தில் தூஸுக்கே திரும்பினார்கள். தம் இல்லத்தருகே மாணவர்களுக்கு ஒரு மத்ரஸாவும், ஸூபிகளுக்கு ஒரு தங்குமிடமும் அமைத்தார்கள். உணவைத் தேடி மத்ரஸாவுக்குச் சென்ற சிறுவர், பிற சிறுவர்களுக்கு மத்ரஸா அமைத்துக் கொடுத்தார்கள். ஹிஜ்ரி 505 ஜமாதுல் ஆகிர் 14 (1111 டிசம்பர்) திங்கட்கிழமை காலை உளுச் செய்து தொழுதார்கள். கபனைக் கேட்டு வாங்கி முத்தமிட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார்கள். கால்களை நீட்டிக் கிப்லாவை நோக்கிப் படுத்தவாறே இறைவனடி சேர்ந்தார்கள். தம்பி அஹ்மது கூறியதாக வந்துள்ள செய்தி இது. அவர்களுக்குப் பின் எஞ்சியிருந்தவர்கள் பெண்மக்களே. தம் தந்தை தம்மை விட்டுச் சென்றது போலவே, அவர்களும் தம் மக்களை அல்லாஹ்விடம் விட்டுச் சென்றார்கள்.

சேத்தூர்க் குடும்பத் தலைவரிடம் இப்போது திரும்புவோம். தம்பியின் கடனுக்கு இயன்றதைக் கொடுங்கள். இயலாததை, அந்த ஸூபியாரைப் போல மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மகளுக்கு உங்கள் வீட்டின் கதவு திறந்தே இருக்கட்டும். அவளுக்காகப் பேச வேண்டிய இடத்தில் பேசுங்கள். மகனுக்குக் கடிதம் எழுதுங்கள். இவை நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய பத்திரங்கள். பிறகு இஷாத் தொழுதுவிட்டு, ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி அல்லாஹ்விடம் ஒப்படையுங்கள். உள்ளங்களைப் புரட்டுபவன் அவனே, நீங்கள் அல்லர். அந்தப் பெயர்களை அவனிடமே விட்டுவிட்டுத் தலையணையில் தலை சாயுங்கள். காலையில் செய்ய வேண்டியது மீதமிருந்தால் மீண்டும் செய்யுங்கள்.

எழுத்தறியாத நூல் நூற்பவர் ஒருவர், தம் மக்களுக்காகக் கேட்ட துஆ நிறைவேறியதைக் காணாமலேயே மறைந்தார். ஆயினும் அந்த துஆ வீண்போகவில்லை. உங்கள் துஆவின் பலனையும் நீங்கள் காணலாம், காணாமலும் போகலாம். கேட்பவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

நம் கடமையைச் செய்யும் ஆற்றலையும், செய்தபின் அவனிடம் விட்டு அமைதி கொள்ளும் உள்ளத்தையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.